பத்தரை மணி மாட்சா

ஜனவரி 30, வியாழன்

குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் ரெஜினா மேடம் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். "கோபம் வர்றப்போ எழுதுங்க சார். வராத அன்னைக்கும் எழுதுங்க. நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றார். நாற்பத்தைந்து வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

சரி, எழுதுகிறேன். என் பெயர் ஜெயபாண்டியன். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கும் சர்வேயர். பதினெட்டு வருடத்தில் ஒரு டிரைவராவது தன் மேல் தப்பு என்று சொன்னதில்லை. "சார், நான் நேராத்தான் வந்தேன், அவன்தான் குறுக்க வந்துட்டான்" என்பார்கள். நான் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை. நேரே போய் அடிபட்ட இடத்தைப் பார்ப்பேன்.

என் மனைவி உமா ஏழு மாதமாக எங்கள் மகள் நேத்ராவோடு தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருநாள் காலையில் சின்னச் சச்சரவு, ஒரு டம்ளர் கை தவறிவிட்டது. மே மாத விடுமுறை முழுக்க மகளை என் வீட்டில் விட வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் எட்டு ஞாயிறு, காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, பொது இடத்தில் வைத்து அவளைப் பார்க்கலாம் என்று நீதிபதி அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். மார்ச் 26 அன்று நேத்ராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அப்பா வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்பாராம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தையில் என் பிழைப்பு தொங்குகிறது.

எந்த இடம் என்பதை நேத்ராவே சொல்லலாமாம். அண்ணா நகரில் ஒரு கஃபேயைச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நான் பத்து மணிக்கே போய்விட்டேன். சுற்றிலும் கண்ணாடிச் சுவர், உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி அதற்கு பிரஞ்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் விருதுநகரில் பதினொரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

உமாவின் தம்பி சண்முகராஜ் நேத்ராவைக் கொண்டுவந்து விட்டான். "வாங்க அத்தான்" என்றுகூடச் சொல்லவில்லை. காரிலேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேத்ரா வளர்ந்திருக்கிறாள். தலைமுடியைத் தோள் வரை வெட்டியிருக்கிறாள். என்னைக் கேட்காமல் யார் வெட்டச் சொன்னது என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஐஸ் மாட்சா லாட்டே கேட்டாள். பச்சைத் தேயிலையைப் பொடித்து, கரைத்து, பாலில் ஊற்றித் தருகிறார்கள். அடியில் வெள்ளை, மேலே பச்சை, நடுவில் இரண்டும் கலங்கிக்கொண்டே இறங்கும். பார்க்க அழகுதான். உட்கார்ந்து குடிக்கிறவள் பார்சல் கப்பில், மூடி போட்டு, ஸ்ட்ரா வைத்து வாங்கிக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள். கப்பை எனக்கு எட்டாத மூலையில், சுவரோரமாக வைத்துக்கொண்டாள்.

நானும் ஒன்று வாங்கினேன். ஒரு வாய் குடித்தேன், புல்வெளியில் விழுந்து மண்ணைக் கவ்வியது போல் இருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்."

இரண்டு மணி நேரத்தில் பதினொரு வார்த்தை பேசினாள். எண்ணினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மாட்சா டிராமிசு. கேக்கின் மேல் பச்சைப் பொடியைச் சலித்துத் தூவியிருந்தார்கள். கரண்டியை உள்ளே விட்டதும் சத்தமில்லாமல் அமுங்கியது. முதலில் கசப்பு, அதன் பின்னாலேயே வெண்ணெய் மாதிரி ஒரு இனிப்பு. பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். மகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு எட்டு மாதம் ஆகப்போகிறது. வழித்துச் சாப்பிட்டேன்.

ஸ்கூல் எப்படி என்றேன். நல்லா இருக்கு. மாமா வீடு? நல்லா இருக்கு. அம்மா? டிஷ்யூவை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 12, புதன்

டம்ளர் கை தவறவில்லை, சுவரைப் பார்த்து எறிந்தேன் என்று ரெஜினா மேடத்திடம் இன்று சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்பி உமா நெற்றியில் பட்டுவிட்டது. ஐந்து தையல். உமா தரப்புக்குக் கொடுத்த பதில் மனுவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். யார் மேலும் எறிய வேண்டும் என்று எறிந்ததில்லை. எந்த வீட்டில் சாமான் பறக்கவில்லை? மேடம் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நல்ல நாள். எட்டு மாதத்தில் இப்படி ஒரு நாள் இல்லை.

மாட்சா பான்கேக் வந்தது. மூன்று அடுக்கு, தொட்டால் ஆடுகிறது. மேலே பச்சைக் கிரீம், ஸ்ட்ராபெர்ரி, சுற்றிலும் தேன். முட்டை டோஸ்ட்டும் சொல்லியிருந்தோம். அதன் உப்பைத் தின்றுவிட்டு இதைத் தின்றால் கசப்பு தெரியவில்லை, மணம் மட்டும் நிற்கிறது. இதை நானே கண்டுபிடித்துச் சொன்னேன். நேத்ராவும் செய்து பார்த்துவிட்டு, "ஆமாப்பா! சூப்பரா இருக்கு!" என்றாள்.

நான் சூடான மாட்சாவைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீசை பச்சையாயிடுச்சு! நீங்க இப்ப சுண்டைக்காய்ச் செடி மாதிரி இருக்கீங்க." நானும் துடைக்காமலே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

உண்மையாகவே எனக்கு இது பிடித்துவிட்டது. குடித்து முடித்ததும் மனசு நிதானமாக இருக்கிறது. கோபத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஐந்து மாதம் போட்டும் வராத நிதானம்.

பிப்ரவரி 26, புதன்

மாட்சாப் பொடி, கிண்ணம், கலக்குகிற மூங்கில் மத்து எல்லாம் வரவழைத்துவிட்டேன். முதல் கிண்ணம் கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது வேப்பிலைக் கஷாயம். கஃபேயில் அதைக் கலக்கும் மிசோரம் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "சார், பொடிய மொதல்ல சலிக்கணும். தண்ணி கொதிக்கக் கூடாது, கொதிச்சா கசக்கும்" என்றாள். ஏழாவது கிண்ணத்தில் நுரை வந்தது. அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன்.

நேத்ராவின் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. திரை பச்சையில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

"மே மாசம் வீட்டுக்கு வந்தீன்னா தினமும் நானே போட்டுத் தர்றேன். இதைவிட நல்லா வருது" என்றேன். செல்போனில் நுரையின் படத்தைக் காட்டினேன்.

"ம்" என்றாள்.

வழியெல்லாம் அந்த 'ம்'மைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்றிருப்பாள் அல்லவா? சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பார்சல் கப் தீர்ந்துவிட்டதாம். நேத்ராவுக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். சீஸ்கேக் வந்தபோது அதை வாங்கக் கையை நீட்டினாள், முழங்கை தட்டி மாட்சா முழுக்க மேசையில் கொட்டிவிட்டது. என் செல்போன், கார் சாவி, சட்டை, எல்லாம் பச்சை.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாயே திறக்கவில்லை. டிஷ்யூ எடுக்கக் கையைத்தான் தூக்கினேன்.

அவள் நாற்காலியோடு பின்னால் போய், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "ஸாரிப்பா ஸாரிப்பா ஸாரிப்பா, தெரியாமப்பா, ஸாரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவில்லை. கஃபே முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சண்முகராஜ் ஓடி வந்தான். "என்ன பண்ணீங்க அத்தான்?"

"ஒண்ணும் பண்ணல மாப்ள. ஜூஸ் கொட்டிருச்சு, அவ்வளவுதான். அவளையே கேளு."

அவளை அணைத்துக்கொண்டு போய்விட்டான். மணி பதினொன்று ஐந்து. எனக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த மிசோரம் பெண் மேசையைத் துடைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

இதுவரை எழுதாத ஒன்று.

டம்ளர் எறிந்த அன்று காலை சச்சரவு உமாவோடு இல்லை. நேத்ரா சாப்பாட்டு மேசையில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் கொட்டி என் லேப்டாப் நனைந்துவிட்டது. நான்கு நாள் வேலை அதில் இருந்தது. கத்தினேன். உமா அப்போது அடுப்படியில் இருந்தாள். அவ்வளவுதான்.

மூடி போட்ட கப்பை நேத்ரா ஏன் வாங்குகிறாள் என்று ஆறு வாரமாகப் பார்த்தும் இந்தச் சர்வேயருக்குத் தெரியவில்லை. ஊரார் வண்டியில் கீறல் கண்டுபிடிக்கிறவன் நான்.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கு எதிரில் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உத்தரவை மீறுகிற காரியம், தெரியும். பெல் அடித்ததும் பயந்துகொண்டு கிளம்பிவிட்டேன். அவளைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கடவுளே, அவளை இந்த ஒரு மே மாதம் மட்டும் கொடு. நான் குரலே உயர்த்த மாட்டேன். எழுதியே தருகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

வருவாளோ மாட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தது உமா.

"சண்முகத்துக்கு ஊர்ல வேலை. அதான் நான் வந்தேன்" என்றாள். நான்கு மேசை தள்ளி உட்கார்ந்து, அவளும் ஒரு மாட்சா வாங்கிக்கொண்டாள். கோர்ட்டில் எப்போதும் வக்கீல்களுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள். இவ்வளவு பக்கத்தில், வெளிச்சத்தில், இந்த எட்டு மாதத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை.

இடது புருவத்துக்கு மேல் தழும்பு. வளைந்து, புருவத்தின் முடியைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. டம்ளரின் விளிம்பு நேரே பட்ட வளைவு.

நேத்ரா ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், மாம்பழ மாட்சா புதிதாக வந்திருக்கிறதாம். என் காதில் விழவில்லை. தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உமா கவனித்துவிட்டு முடியை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

அறிக்கை.

நின்ற இடம்: நான், வாசல் பக்கம். எதிரே சாப்பாட்டு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி, அதில் நேத்ரா. நாற்காலிக்குப் பின்னால் சுவர்.

சுவரில் பட்டுத் திரும்பியது என்றால் உமாவின் முதுகிலோ பின்மண்டையிலோ பட்டிருக்க வேண்டும். முன்நெற்றியில், அதுவும் விளிம்பு நேரே வெட்டும் வேகத்தில், படாது. நெற்றியில் நேரே பட்டிருக்கிறது என்றால் அவள் என்னைப் பார்த்து நின்றிருக்கிறாள், சுவருக்கும் எனக்கும் நடுவில். அடுப்படியில் இருந்தவளுக்கு அங்கே என்ன வேலை? அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

நான் சுவரைப் பார்த்து எறியவில்லை.

இதே கதையை ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். எட்டு மாதம் எனக்கு நானே கிளெய்ம் பாஸ் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நேத்ராவிடம் நீதிபதி கேட்பார். அவள் என்ன சொல்வாள் என்பது எனக்கு இப்போது தெரியும். சொல்லிவிட்டு வெளியே வருவாள், வராந்தாவில் நான் நிற்பேன். அப்பா கோபப்படுவாரோ என்று என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தாலே செத்துவிடலாம் போல் இருக்கிறது.

ரெஜினா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "செத்துடலாம்னு நினைக்கிறது உண்டா சார்?" என்று நேராகவே கேட்டார். நினைத்தேன், செய்ய மாட்டேன் என்றேன். தினமும் காலையில் தனக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "அடுத்தது என்ன பண்ணப் போறீங்க?" என்றார். தெரியாது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

நேத்ராவுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சண்முகராஜிடமிருந்து செய்தி. நம்புகிறேன்.

மார்ச் 26, புதன்

காலையிலேயே வக்கீலிடம் மனுவைத் திரும்பப் பெறச் சொன்னேன். சுவரில் பட்டது என்று எழுதியது பொய், அதையும் மாற்றி எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"சார், புத்தி கித்தி பிசகிடுச்சா? நாமளே எழுதிக் குடுத்தா மொத்தக் கேஸும் உங்க தலையில விடிஞ்சிரும். அப்புறம் பொண்ணைப் பார்க்கவே உங்களுக்கு உத்தரவு கெடைக்காது."

"தெரியும். எழுதுங்க."

கையெழுத்துப் போடும்போது பெயர் பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். நீதிபதி அம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். குழந்தையை விசாரிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நேத்ரா பள்ளிச் சீருடையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிடவில்லை.

வராந்தாவில் உமா பக்கத்தில் வந்தாள். இத்தனை மாதத்தில் அவளாக வந்து பேசியது இன்றுதான்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டீங்கன்னு வக்கீல் சொன்னாரு."

"ம்."

"அவளுக்கு அது தெரியாது. சுவத்துல பட்டுதான் எனக்கு அடிபட்டுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளைப் பொறுத்தவரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். தன் மேல வரவேண்டியதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. எனக்காக இந்த ஒண்ண மட்டும் செய்ங்க."

சரி என்றேன். உமா போனதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். கிளார்க் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

உத்தரவு முடிந்துவிட்டது. யாரும் வர வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் பத்து மணிக்குக் குளித்துக் கிளம்பிப் போய் அதே மேசையில் உட்கார்ந்தேன்.

பத்தே முக்காலுக்கு நேத்ரா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியே காரில் உமா இருந்தாள்.

"இனிமே வரணும்னு இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?"

"நீ ஒருவேளை வந்தா தனியா உக்காந்திருக்கக் கூடாதுல்ல."

மாம்பழ மாட்சா இரண்டு சொன்னோம். அடியில் மாம்பழம், நடுவில் பால், மேலே பச்சை. மூன்றையும் கலக்காமல் ஸ்ட்ராவை அடிவரை விட்டு முதலில் மாம்பழத்தை உறிஞ்ச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அப்படியே செய்தேன், நன்றாக இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். எனக்கு அது போதும் என்று தோன்றியது. இப்படியே பன்னிரண்டரை ஆகிவிட்டால் போதும்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? கோச்சுக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன். கேளு."

கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு அம்மா நடுவுல வரலன்னா அது என் மேலதான பட்டிருக்கும்?"

உமாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. சுவரைத்தான் பார்த்து எறிந்தேன் என்று சொன்னால் போதும். எட்டு மாதம் சொல்லிப் பழகிய வார்த்தை. அம்மாவும் அதையே சொல்லியிருக்கிறாள், யாருக்கும் சேதம் இல்லை, அடுத்த ஞாயிறும் இவள் வருவாள். கண்ணாடிக்கு வெளியே காரில் உமா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "உன் மேலதான் பட்டிருக்கும். உன்னைப் பார்த்துதான் எறிஞ்சேன்."

நேத்ரா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும். நான் பார்த்துட்டேதான இருந்தேன். அம்மா சுவர்னு சொன்னாங்க, மாமா சுவர்னு சொன்னாரு. நீங்களாவது சொல்வீங்களான்னுதான் கேட்டேன்."

ஸாரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். கார்க் கதவைத் திறந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அழுதாள் என்று நினைக்கிறேன், உமா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டது தெரிந்தது.

கார் ரொம்ப நேரம் கிளம்பவில்லை. மணி பதினொன்று பத்து. முன்பெல்லாம் ஒரு நிமிடம் குறைந்தால்கூட வக்கீலுக்குப் போன் செய்வேன். இன்று நான் எழுந்து போகவும் இல்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை.